நகோயா போக இன்னும் 10 வாரம்: மீன் வாசனை, வழவழப்பு, பச்சை உணவு... நாக்கைப் பழக்குவது எப்படி?

கோவை_லேத்து கேட்டது:

வணக்கம். வேலை விஷயமா ஒரு வருஷம் நகோயாவில் இருக்கணும். கிளம்ப 10 வாரம் இருக்கு. வயசு 31. சாப்பாட்டில் ரொம்ப ஜாக்கிரதையான ஆள்: சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, உருளை, கேரட், பீன்ஸ், தயிர், முட்டை, சிக்கன். இந்த வட்டத்தைத் தாண்டினதில்லை. மீன் வாசனை ஒத்துக்காது. காளான் கடிபடும் விதம் பிடிக்காது. வெண்டைக்காய் மொறுமொறுப்பா வறுத்தா மட்டும் இறங்கும். பச்சையா வெள்ளரியும் வெங்காயமும் தவிர எதுவும் இல்லை. மதம், விரதம் சார்ந்த தடை கிடையாது. அலர்ஜி இருக்கிறதா இதுவரை தெரியலை, ஆனா இறால், நண்டு எல்லாம் தொட்டதே இல்லை.

"துணிஞ்சு சாப்பிடு, சரியாயிடும்"ங்கிற அறிவுரை வேண்டாம், அது எனக்கு வேலை செய்யாது. ஒரு பொருளை எத்தனை தடவை, எவ்வளவு, எப்படிச் சமைச்சு முயற்சி பண்ணணும்? எதை இங்கேயே பழகணும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்? எதை விட்டுட்டா நஷ்டமில்லை?

---

அடுப்படி:

ஜாக்கிரதையை விட்டுத்தான் ஆகணும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க. எலி, மனுஷன் மாதிரி எல்லாத்தையும் தின்னக்கூடிய உயிர்களுக்கெல்லாம் இந்தத் தயக்கம் இருக்கு. எலி புதுத் தீனியைத் துளி கடிச்சுட்டு, உடம்புக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்ச பிறகுதான் கூடத் தின்னும். அந்த முறையையே நாமும் ஒழுங்கா பண்ணினால் போதும்.

அளவு: பட்டாணி அளவு. அதுக்கு மேல முதல் வாரம் வேண்டாம். தடவை: சின்னக் குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வுகளில், ஒரு பண்டம் பிடிச்சுப்போக ஏறக்குறைய பத்துப் பதினைந்து தடவை சுவைக்க வேண்டியிருந்தது. பெரியவங்களுக்கும் அதையே கணக்கா வச்சுக்கலாம். ரெண்டு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டு "எனக்கு ஆகாது"ன்னு முடிவு கட்டுறதுதான் பெரும்பாலானவங்க செய்யும் தப்பு. வாரத்துக்கு நாலு நாள், ஒரே பொருள், ஒரே பக்குவம். மூணு, நாலு வாரத்தில் எண்ணிக்கை வந்துடும். ஒரே சமயத்தில் ரெண்டு பொருளுக்கு மேல எடுக்காதீங்க. அப்படிப் பார்த்தா 10 வாரத்தில் உங்களுக்கு அஞ்சு, ஆறு பொருள்தான் கைவரும். அது போதும், சரியானதைத் தேர்ந்தெடுத்தா.

நேரம்: சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு, லேசா பசி எடுக்கும்போது. கடும் பசியிலும் வேண்டாம், வயிறு நிறைஞ்ச பிறகும் வேண்டாம். முதல் வாய் புதுசு, அதுக்குப் பின்னாடி உங்களுக்குப் பழகின சாப்பாடு.

ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. சுவை, வாசனை, கடிபடும் பதம், சூடு, சாப்பிடும் இடம் இந்த அஞ்சில் நாலு உங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கணும். காளானைக் காளானா மட்டும் பாருங்க. அதையே சோயா சாஸில், ஆறின நிலையில், புது ஹோட்டலில் வச்சு முதல் தடவை முயற்சி பண்ணினா எது பிடிக்கலைன்னே தெரியாது.

இன்னொண்ணு. புதுசை உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாட்டுக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க. தயிர்சாதம்தான் உங்க கடைசிப் புகலிடம்னா அதில் எதையும் கலக்காதீங்க. புதுசு பிடிக்காமப் போனா தயிர்சாதமும் சேர்ந்து போயிடும். தட்டு ஓரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி வைங்க.

இனி பொருள் பொருளா.

காளான். 100 கிராம் மொட்டுக் காளானைக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசா பொடிப்பொடியா நறுக்குங்க. இரும்புச் சட்டி நல்லா காயட்டும். எண்ணெய் ஒரு ஸ்பூன், மூடி போடாம பெருந்தீயில் வதக்குங்க. முதல் நாலு நிமிஷம் தண்ணி விடும். அது முழுசா வத்தி, ஓரம் சிவக்கும் வரைக்கும் விடணும், எட்டு நிமிஷம் ஆகும். உப்பு கடைசியில். ரப்பர் பதம் வர்றதுக்குக் காரணம் சட்டியை நிரப்பிப் போட்டு மூடி வைக்கிறது. அப்போ வதங்காம தன் தண்ணியிலேயே வெந்துடும். பதமாகட்டும்னு கூடுதல் நேரம் வேகவச்சாலும் காய் மாதிரி குழையாது, அதன் செல்சுவரில் இருக்கிறது கைட்டின். ரெண்டு முட்டைப் பொடிமாஸுக்கு ஒரு மேசைக்கரண்டி காளான், மிளகுத்தூள் தூக்கலா. அடுத்த வாரம் ரெண்டு கரண்டி. அதுக்கடுத்து வில்லையா நறுக்கினது. மழைக்காலத்தில் தோட்டத்தில் முளைக்கிறதை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. மஞ்சள் போட்டுப் பார்க்கிறது, வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கிறது எதுவும் விஷத்தைக் காட்டிக் கொடுக்காது.

மீன் வாசனைக்கு மீனிலிருந்து தொடங்காதீங்க. மாசியிலிருந்து தொடங்குங்க. ஜப்பானில் குழம்பு, சூப், நூடுல்ஸ் தண்ணி எல்லாத்துக்கும் அடிப்படை 'தாஷி'. அது பெரும்பாலும் அவிச்சு, புகைபோட்டு, காய வச்ச சூரை இன மீனைச் சீவிப் போட்டு எடுக்கிற சாறு. நம்ம தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து மாசிக்கருவாடும் அதே வழியில் செய்யறதுதான்: அவிச்சு, புகையூட்டி, காய வச்ச சூரை. வாசனை முழுக்க ஒண்ணா இருக்காது, ஆனா பக்கத்தில் வரும். 300 மில்லி கொதிக்கிற தண்ணியில் கால் டீஸ்பூன் மாசித்தூள், அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம், வடிகட்டி, அந்தத் தண்ணியில் உங்க வழக்கமான மிளகு ரசம். மாசியில் உப்பு இருக்கும், ரசத்துக்குப் பாதி உப்பு போட்டு ருசி பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு அரை டீஸ்பூன். அப்புறம் மிளகும் புளியும் இல்லாம வெறும் சாறு, நாலு சொட்டு சோயா சாஸ், ஒரு வாய். இது இறங்கிடுச்சுன்னா ஜப்பானியச் சாப்பாட்டில் பாதி உங்களுக்குத் திறந்துடும். பத்து வாரத்தில் ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க.

அதுக்கு அடுத்துதான் மீன். கடல் மீனோட கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்திலமின். புளிப்பு பட்டா அது ஆவியா எழும்பாது. அதனாலதான் மீன் குழம்புல புளி, வறுவலுக்கு எலுமிச்சை. வஞ்சிரம் ஒரு செ.மீ. கனத்தில் ஒரே ஒரு துண்டு, எலுமிச்சைச்சாறு, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி 15 நிமிஷம் ஊறட்டும். பக்கத்துக்கு மூணு நிமிஷம். நடுமுள்ளைத் தவிர பெரிசா முள் இருக்காது. கட்லா, ரோகு மாதிரி ஆத்துமீன் வேண்டாம். சதைக்குள்ள கவட்டை முள் இருக்கும், தொண்டை பயம் வந்துட்டா எல்லாம் பாழ். வாங்கும்போது கண் தெளிவா, செவுள் சிவப்பா, சதை அழுத்தினா உடனே எழும்பணும். கோவைக்குக் கடல் மீன் ஐஸில்தான் வரும், அதனால இந்தச் சோதனை முக்கியம்.

டோஃபு, அதாவது சோயாப் பன்னீர். கெட்டி வகை 200 கிராம், துணியில் சுத்தி மேல கனம் வச்சு 20 நிமிஷம். தண்ணி இறங்கின பிறகு சதுரமா வெட்டி, பன்னீர் வறுக்கிற மாதிரியே வறுங்க. அடுத்து, வறுக்காம மோர்க்குழம்பில். கடைசியா, சும்மா ஆறினது, மேல துருவின இஞ்சியும் சோயாவும். அங்கே இதை அப்படியேதான் வைப்பாங்க, இன்னும் மிருதுவா.

வழவழப்புக்கு வெண்டைக்காயே வாத்தியார். ஈரம் துடைச்சு நறுக்கி, திறந்து வறுத்தா வழவழப்பு போகும். அது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் ரெண்டு நிமிஷம் குறைச்சு வறுங்க. கடைசியில் கொதிதண்ணியில் ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்த முழு வெண்டை வரைக்கும் போனா போதும், அங்கே அப்படித்தான் வரும்.

---

நகோயாவாசி:

அடுப்படி சொன்ன மாசி யோசனைக்கு ரெண்டு கையையும் தூக்குறேன். இங்கே "கறி இல்லாதது"ன்னு கேட்டு வாங்கினாலும் தாஷி உள்ளே இருக்கும். அதைத் தவிர்த்து ஒரு வருஷம் வெளியில் சாப்பிடுறது ரொம்பச் சிரமம்.

நீங்க போற ஊர் ஜாக்கிரதைக்காரங்களுக்கு நல்ல ஊர். காரணம் 'மார்னிங்'. நகோயாக் காபிக்கடைகளில் காலையில் ஒரு காபி வாங்கினா கூடவே டோஸ்ட், அவிச்ச முட்டை வந்துடும், பல இடத்தில் 11 மணி வரைக்கும். முதல் வாரம் முழுக்க காலையை இதில் கழிங்க. கடைக்குள் போறது, உட்கார்றது, கேட்கறது, காசு கொடுக்கறது எல்லாம் பழகும்; வாயில் போற எதுவும் புதுசில்லை. விரும்பினா டோஸ்ட்டில் 'ஒகுரா' கேளுங்க, வெண்ணெய் மேல இனிப்புச் செம்பயறு விழுது. நம்ம பூரணம் பிடிக்கும்னா இதுவும் பிடிக்கும். ஆனா கடையில் காய்கறிப் பகுதியில் ஒகுராங்கிற பேரைக் கேட்டா வெண்டைக்காய் நிக்கும், குழம்பிக்காதீங்க. டோஸ்ட்டுக்கு 'ஒகுரா டோஸ்ட்'னு முழுசா சொல்லுங்க.

ரெண்டாவது, 'தெபாசாகி'. கோழி இறக்கையைப் பொரிச்சு, இனிப்பும் உப்பும் கலந்த சாஸ் தடவி, மிளகு தூவினது. நகோயாவோட அடையாளம் இது. சிக்கனும் மிளகும் தின்கிற ஆளுக்கு வேற என்ன வேணும்! மூணாவது, கறிச்சோறு. கோகோஇச்சிபான்யா 1978இல் இதே ஐச்சி மாகாணத்தில் தொடங்கின சங்கிலி. சோத்து அளவு, கார அளவு, மேல என்ன போடணும் எல்லாத்தையும் நீங்களே சொல்லலாம். குழம்பில் பன்றிக்கறி சாரம் இருக்கலாம், வேண்டாம்னா வேற குழம்பு இருக்கான்னு பட்டியலில் பாருங்க.

'மிசோ கட்சு' பன்றிக்கறி, அதன்மேல கறுஞ்சிவப்பு மிசோ (சோயாவை நொதிக்க வச்ச உப்பு விழுது). ஒக்கஸாகியில் செய்யற ஹச்சோ மிசோ சோயாவையும் உப்பையும் மட்டும் வச்சு ரெண்டு கோடை, ரெண்டு குளிர்காலம் ஊறினது, ரொம்ப அழுத்தமா இருக்கும். முதல் மாசம் வெளிர் நிற மிசோ சூப்பில் தொடங்குங்க, இதுக்கு அப்புறம் வாங்க.

'ஹித்சுமாபுஷி' பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா உங்க மாதிரி ஆளுக்குன்னே அமைஞ்ச சாப்பாடு அது. சுட்ட விலாங்கு மீனைச் சோத்துமேல பரப்பித் தருவாங்க. நாலா பிரிச்சு, முதல் பங்கு சும்மா, ரெண்டாவது வெங்காயத்தாள், வசாபி (மூக்கில் ஏறும் காரமான பச்சை விழுது) சேர்த்து, மூணாவது தாஷி ஊத்தி, நாலாவது இதில் எது பிடிச்சதோ அப்படி. விலை அதிகம். நாலாவது, அஞ்சாவது மாசத்துக்கு வச்சுக்குங்க.

காய்கறிக் கடை உங்களை ஆச்சரியப்படுத்தும். கத்தரிக்காய், வெள்ளை முள்ளங்கி, பரங்கி, சேப்பங்கிழங்கு, தாமரைத்தண்டு, கோடையில் பாகற்காய் எல்லாம் உண்டு. 'கொன்யாக்கு'ன்னு சாம்பல் நிறத்தில் ஆடுற ஒரு கட்டி வரும். அது நம்ம சேனைக்கிழங்கோட இனத்துக் கிழங்கிலிருந்து செய்யறது. சுவைன்னு ஒண்ணும் இருக்காது, பதம் மட்டும்தான், மென்னு விழுங்கணும். பச்சையா துருவின மலைக்கிழங்கு ('தொரோரோ') வாயோரம் அரிக்கலாம், சேனை அரிக்கிற அதே காரணம்தான். தவிர்த்தா நஷ்டமில்லை.

அரிசி ஒட்டும். குட்டை அரிசி, 180 மில்லி அளவுக்கு 200 மில்லி தண்ணி. குழம்பு சோறா பிசைய முதலில் கஷ்டமா இருக்கும். தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது. சர்க்கரை போடாத தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

பயத்தில் பாதி சுவையால் வர்றதில்லை, என்னன்னு தெரியாததால் வர்றது. அதுக்கு: வாசலில் மாதிரிச் சாப்பாடு கண்ணாடிக்குள் வச்சிருக்கிற கடையாப் பாருங்க. காசு போட்டுச் சாப்பாட்டுச் சீட்டு எடுக்கிற எந்திரம் வச்ச கடையில் படம் இல்லாமலும் இருக்கும், பின்னாடி வரிசை நிக்கும். அது ரெண்டாவது மாசத்துக்கு. போன் கேமராவில் மொழிபெயர்க்கிற செயலியை இணையம் இல்லாமலும் ஓடும்படி இறக்கி வச்சுக்குங்க. பெரிய பல்பொருள் அங்காடிகளின் அடித்தளத்தில் பொரியல், கூட்டு மாதிரி தயார்ப் பண்டங்களை எடைபோட்டு விற்பாங்க. 100 கிராம் மட்டும் வாங்கி அறையில் தனியா உட்கார்ந்து சாப்பிட்டுப் பாக்கலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

---

உணவியல்_மதுரை:

மேலே இருவரும் சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை. பாதுகாப்புப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

இறாலும் நண்டும் இதுவரை தொட்டதில்லை என்கிறீர்கள். தும்மல், மூச்சிரைப்பு, வீட்டுத் தூசி ஒவ்வாமை உள்ளவரா என்று முதலில் யோசியுங்கள். தூசிப் பூச்சியிலும் கரப்பானிலும் உள்ள டிரோபோமையோசின் என்னும் புரதமும் இறாலில் உள்ளதும் ஒன்றை ஒன்று ஒத்தவை. ஆஸ்துமாவோ வேறு உணவு ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் வீட்டில் சோதிக்க வேண்டாம். ஒன்றும் இல்லையென்றால் இந்தியாவிலேயே, பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது, நன்கு வெந்த இறாலில் சிறு துண்டு. அன்று வேறு புதிய பண்டம் கூடாது, மது கூடாது, அடுத்த சில மணி நேரம் ஓட்டம், உடற்பயிற்சி கூடாது. இரண்டு மணி நேரம் கவனியுங்கள். உதட்டு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்றால் உடனே 108. ஜப்பானில் அவசர ஊர்தி 119.

'சோபா' என்பது பக்வீட் மாவு நூடுல்ஸ். வடஇந்தியாவில் விரத நாளில் உண்ணும் குட்டு மாவு இதுதான். அரிதாக இதற்குக் கடும் ஒவ்வாமை வரும். கோதுமை 'உடோன்' வாங்கினாலும் பல கடைகளில் இரண்டையும் ஒரே கொதிநீரில் போடுவார்கள். எனவே குட்டு மாவில் ஒரு சிறு அடையை இங்கேயே சோதித்துவிட்டுப் போவது நல்லது. ஜப்பானில் பொட்டலத்தின் மீது கட்டாயம் குறிப்பிட வேண்டியவற்றில் முட்டை, பால், கோதுமை, சோபா, நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் அடங்கும். மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை.

பச்சை மீன் பற்றி: அனிசாகிஸ் என்னும் புழுதான் முக்கிய ஆபத்து. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உறைய வைத்தாலோ நன்றாகச் சமைத்தாலோ சாகும். வினிகர், வசாபி, சோயா சாஸ் எதற்கும் சாகாது. உண்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் மருத்துவமனையில் "பச்சை மீன் சாப்பிட்டேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். உள்நோக்கிக் குழாயால் புழுவை எடுத்துவிடுவார்கள். பச்சைக் கோழி சில இடங்களில் கிடைக்கும். அதை யார் வற்புறுத்தினாலும் உண்ண வேண்டாம், கேம்பைலோபேக்டர் தொற்று வரும். பச்சை முட்டையை அங்கே உண்ணலாம், அதற்கென்றே கழுவித் தேதியிட்டு விற்கிறார்கள். அதைப் பழகுவதற்காக நம்மூர் முட்டையைப் பச்சையாகக் குடித்துப் பார்க்காதீர்கள்.

சூரை, அயிலை போன்றவற்றைக் குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தடித்து, ஒவ்வாமை போலவே தோன்றும். ஒருமுறை இப்படி ஆனால் "எனக்கு மீனே ஆகாது" என்று முடிவுகட்டுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உண்பவர்கள் நாட்டோவை (நூல் நூலாக இழுபடும் நொதித்த சோயா) தொடக்கூடாது, வைட்டமின் கே மிகுதி. தைராய்டு சிகிச்சையில் இருப்பவர்கள் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றைத் தினமும் குடிக்கக் கூடாது, அயோடின் மிகுதி. இவை உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறொருவருக்குப் பொருந்தலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உடம்பு சரியில்லாத நாளில், பேருந்துப் பயணத்துக்கு முன், விமானம் இறங்கிய முதல் இரண்டு நாளில் புதிய உணவு கூடாது. 1955இல் ஜான் கார்சியா எலிகளிடம் காட்டியது இது: இனிப்பு நீர் குடித்தபின் வேறு காரணத்தால் குமட்டல் வந்தாலும், எலி அந்த நீரைத்தான் வெறுத்தது. மனிதரிடமும் அப்படியே. ஒரே ஒரு வாந்தி போதும், பத்து வார உழைப்பு வீணாகும்.

உண்ணும் பட்டியல் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது, எடை குறைகிறது, சத்துக் குறைபாடு தெரிகிறது என்றால் அது வெறும் தயக்கம் அல்ல. தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று 2013 முதல் மனநல வகைப்பாட்டில் தனியாகவே இடம்பெற்றுள்ளது. அதற்கு மருத்துவ உதவி வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த அளவு தெரியவில்லை.

---

கோவை_லேத்து:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஓங்கரிப்பு. பிடிக்காத பதம் நாக்கில் பட்டதும் தானா வருது. தனியா இருந்தா பரவாயில்லை, நாலு பேர் முன்னாடி வந்தா? ரெண்டாவது, அலுவலக விருந்து. வேண்டாம்னு சொன்னா மரியாதைக் குறைவா?

---

அடுப்படி:

ஓங்கரிப்பு நாக்கின் பின்பக்கம், அண்ணத்தின் மென்பகுதி தொடப்படும்போது வர்றது. அதனால புதுசை நாக்கு நடுவில் வைக்காதீங்க. கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் வச்சு உடனே கடிங்க. மூக்கால் மெதுவா மூச்சு விடுங்க. மூச்சை அடக்கினா ஓங்கரிப்பு கூடும். சூடா இருந்தா வாசனை எழும்பும், ஆறினதோ குளிர்ந்ததோ சுலபம்.

வீட்டில் படிப்படியா போங்க: முதல் நாள் தட்டில் இருக்கட்டும், அவ்வளவுதான். அடுத்து கையில் எடுத்து முகர்ந்து பாருங்க. அடுத்து உதட்டில். அடுத்து கடிச்சு, துப்பிடுங்க. துப்பலாம்ங்கிற உரிமை முதலில் இருந்தே இருக்கணும். விழுங்கியே தீரணும்னு தெரிஞ்சா தொண்டை இறுகிடும். ஓங்கரிப்பு வந்தா அன்னிக்கு நிறுத்திடுங்க, மறுநாள் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்க. அதே நாளில் மல்லுக்கு நிக்காதீங்க.

---

நகோயாவாசி:

விருந்துக்கு ஒரு சின்ன ஏற்பாடு: சாப்பாடு சொல்ற வேலையில் நீங்களும் பங்கெடுங்க. இஸாகாயா (மதுவும் சின்னச் சின்னப் பண்டங்களும் தர்ற கடை) விருந்தில் எல்லாம் பொதுத் தட்டில் வரும், ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு. பொரிச்ச கோழி, சுட்ட கோழிக் குச்சி (உப்பு போட்டது கேளுங்க, சாஸ் போட்டது இனிக்கும்), பச்சை சோயாக்காய், முட்டைச் சுருள், உருளை வறுவல். இந்த அஞ்சும் மேசையில் இருந்தா உங்க தட்டு காலியா இருக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு கிண்ணி வரும், 'ஒதோஷி'ன்னு பேர், பில்லில் அதுக்கும் காசு உண்டு. என்னன்னு தெரியலைன்னா தொடாம பக்கத்தில் வைங்க, அல்லது பக்கத்தில் இருக்கிறவர்கிட்ட எடுத்துக்கச் சொல்லுங்க.

"பிடிக்காது"ன்னு நேரடியா சொல்லாம "ச்சொத்தோ நிகதே தெசு"ன்னு சொல்லுங்க, "கொஞ்சம் பழக்கமில்லை" மாதிரி விழும், யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. "கொரே வா நான் தெசு கா", இது என்ன. "கொஹன் சுகுனமே", சோறு கம்மியா. ஒவ்வாமைன்னு பொய் சொல்லாதீங்க. சமையல்காரர் அதை உயிர்ப் பிரச்சினையா எடுத்துக்குவார், பாத்திரம் மாத்துவார், அடுத்த தடவை உங்களுக்காகக் கடையையே மாத்துவாங்க. வாங்கிட்டு மிச்சம் வைக்கிறதுதான் அங்கே உறுத்தும். அதனால சின்னத் தட்டில் ஒரு துண்டு மட்டும் எடுங்க. குச்சியைச் சோத்தில் செங்குத்தா குத்தாதீங்க, குச்சியிலிருந்து குச்சிக்குப் பண்டம் மாத்தாதீங்க; ரெண்டும் சாவுச் சடங்கு. வாயில் வச்சது இறங்கலைன்னா தும்முற பாவனையில் காகிதக் கைக்குட்டையில் எடுத்துடுங்க, போதும்.

சுஷி கேட்டாங்கன்னா சுழல் சுஷிக் கடைக்குப் போகலாம்னு நீங்களே சொல்லுங்க. திரையில் படம் பார்த்து ஒரு தட்டு ஒரு தட்டா வரவழைக்கலாம். வெள்ளரிச் சுருள், இனிப்பு டோஃபு உறையில் சோறு வச்ச 'இனாரி', முட்டை, சோளம். அதுக்கு அப்புறம் வெந்த இறால், சுட்ட விலாங்கு. இதுவரைக்கும் பச்சை மீனே இல்லை. வருஷம் முழுக்க இதோடு நின்னாலும் சரி.

நாட்டோவைக் கேட்டு எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நீட்டுவாங்க. அதை விட்டுட்டா ஒரு நஷ்டமும் இல்லை, ஜப்பான்காரங்களிலேயே சாப்பிடாதவங்க உண்டு. ஆசை இருந்தா பொடியா உடைச்ச வகை வாங்கி, வலைக்கரண்டியில் தண்ணி விட்டு அலசி நூலைக் குறைச்சு, ஆம்லெட்டுக்குள் ஒரு ஸ்பூன்.

---

கோவை_லேத்து:

இப்படி வச்சிருக்கேன்: 1 முதல் 3 வாரம் காளான், மாசி ரசம். 4 முதல் 6 டோஃபு, வஞ்சிரம். 7, 8 வெண்டைக்காய், வெறும் மாசிச் சாறு. 9இல் இறால், குட்டு மாவு. 10 ஓய்வு. சரியா? கூட ரைஸ் குக்கர், மிக்ஸி எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன்.

---

உணவியல்_மதுரை:

இறாலையும் குட்டு மாவையும் ஒரே வாரத்தில் வைத்தாலும் நடுவில் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். 9ஆம் வாரம் வரை தள்ளாமல் 5ஆம் வாரத்திலேயே வைப்பது இன்னும் நல்லது. ஏதாவது தெரிய வந்தால் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கவும், மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் வாங்கவும் நேரம் இருக்கும்.

---

அடுப்படி:

மாசிச் சாறுக்கு நடுவில் மூணு வாரம் இடைவெளி விடாதீங்க, பழகினது போயிடும். 4 முதல் 6 வாரத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் மாசி ரசம் இருக்கட்டும். காளானும் அப்படியே.

---

நகோயாவாசி:

ரைஸ் குக்கரும் மிக்ஸியும் வேண்டாம். அங்கே 100 வோல்ட், நம்ம 230 வோல்ட் சாமான் சரியா ஓடாது. குக்கர் அங்கேயே வாங்குங்க. அடுப்பில் வைக்கிற பிரஷர் குக்கர் எடுக்கலாம், ஆனா வீட்டில் மின்காந்த அடுப்பா இருந்தா அலுமினியம் சூடாகாது. அடிப்பக்கம் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கரா எடுங்க. சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, பெருங்காயம் கடையில் ஒட்டின பொட்டலமா இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் தாவரச் சான்றிதழ் இல்லாம உள்ளே விடமாட்டாங்க, கறி சேர்ந்த எந்தப் பண்டமும் கூடாது. மாசித்தூள் 100 கிராம் போதும், அங்கே போனதும் சீவின மீன் பாக்கெட் எல்லாக் கடையிலும் தொங்கும்.